கடிப்பதற்கு ஒரு கை

இன்று வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, வலது தோள் விலகிவிட்டது. அண்ணாதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்.

"ஊசி போட்டிட்டுத்தான் தோளை இழுப்பம். நித்திரை மாதிரி இருக்கும், நோவு தெரியாது" என்றார் டாக்டர்.

சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் இதே தோள் விலகியபோது ஊசியெல்லாம் இல்லை. முறிவு நெரிவு பார்க்கும் வைத்தியர் இழுக்க, அப்பா துறைமுக வேலையில் காய்த்துப்போன தன் கையை என் வாயருகே நீட்டினார்.

"நோகேக்க கடி மகள்."

கடித்தேன். அந்தப் பல் தடம் கடைசிவரை அவர் கையில் இருந்தது.

இன்று கண் விழித்தபோது என் தோள் சரியாகியிருந்தது. அண்ணாவின் கையில் கட்டு!

"மயக்கத்தில 'அப்பா, கை தாங்க' எண்டு அழுதாய். பாவமெண்டு நீட்டினன்" என்றார்.

தாதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவர் கத்தினதில நாங்க பயந்திட்டம். கடைசியில இவருக்கும் நோவுக் குளிசை குடுத்தம்."

வீடு வரும்வரை ஒரே யோசனை. அன்று அப்பா கத்திய ஞாபகமே எனக்கு இல்லை.

உங்களுக்குக் கை நீட்டியது யார்? சொல்லுங்கள். அண்ணா இனி நீட்ட மாட்டாராம்.