பழையபடி ஆகாத கல்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியிலிருந்து சாயர்புரம் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும், சங்கு குளிப்பவர். உப்பில் வெளுத்த புருவம், அகன்ற மார்பு. யாராவது பேசினால் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது காதைச் சாய்ப்பார்.

கல்லூரியில் மாணவர்களுக்குக் காட்ட நான் மடியில் வைத்திருந்த கல்லைப் பார்த்து, "அது என்ன கல்லு, சார்?" என்றார்.

அவருக்குக் கேட்க வேண்டுமென்று உரக்கச் சொன்னேன். வெளிநாட்டில் விண்கல் விழுந்த இடத்துக் கல் அது. விழுந்த வேகத்தின் அழுத்தத்தில், உள்ளிருந்த மணல் பரல்கள் சில கண்ணிமைக்கும் நேரத்தில் இறுகி வேறொரு கனிமமாகிவிட்டன.

"அழுத்தம் போனபொறவு பழையபடி மணலாயிருமா?"

"ஆகாது அண்ணாச்சி. அப்படியேதான் கெடக்கும்."

அவர் கல்லை வாங்கி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார்.

"ஆழத்துல முங்கி முங்கி என் காதும் போச்சு, சார். இனி சரியாகாது, கடல்ல எறங்காதேன்னு டாக்டர் சொல்லுதாரு. இப்பந்தான் அவர ஏசிட்டு வாரேன். பாவம், அவர் என்ன செய்வாரு? மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருதேன்."

கல்லைக் கைக்குட்டையில் பொதிந்து தந்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். தூத்துக்குடிப் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

அன்று அவருக்கு ஆறுதல் சொன்னேனா, மிச்சமிருந்த நம்பிக்கையைப் பறித்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.