வால்தம்ஸ்டோவில் ஒரு முள்ளங்கிக் கேக்

லண்டனின் வால்தம்ஸ்டோவில் நான் தங்கியிருக்கும் தோழி வீட்டுச் சமையலறை ஜன்னல் ஆவியால் மங்கிக் கிடக்கிறது. தோழி சுமதி, சீனர்களின் டிம் சம் சிற்றுண்டி வகைகளில் ஒன்றான முள்ளங்கிக் கேக்கை இடியப்பம் அவிக்கும் ஸ்டீமரில் வைத்திருக்கிறாள். அவளுடைய மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையன் ஹாங்காங்காரன். அவனுடைய அம்மா இன்று முதன்முறையாக வீட்டுக்கு வருகிறார்.

காலையில் செய்தது கூழாகிவிட்டது. துருவிய முள்ளங்கியே தண்ணீர் விடும் என்று தெரியாமல் அரிசி மாவை நீர்க்கக் கரைத்துவிட்டோம். இது இரண்டாவது. நன்றாக ஆறினால்தான் துண்டு போட்டுப் பொரிக்க முடியும். ஆனால் தட்டை இறக்கும்போதே அழைப்பு மணி அடிக்கிறது.

"ஐயோ, அரை மணித்தியாலம் முந்தியே வந்திட்டினம். சுடச்சுட இதை எப்பிடி வெட்டுறது?" சுமதி தட்டைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்க்கிறாள்.

"மூடி வெச்சிடு. பிஸ்கட் இருக்குல்ல?" என்கிறேன்.

"ஏலாது. முதல் முதல் வாற மனிசிக்கு பிஸ்கட்டே குடுக்கிறது?"

நான் கதவைத் திறந்ததும், பையனின் அம்மா வாசனை பிடித்து நேரே சமையலறைக்கு வருகிறார். தட்டை உற்றுப் பார்க்கிறார். கரண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் அள்ளி ஊதி ஊதிச் சாப்பிடுகிறார்.

"எங்கள் வீட்டில் இது ஆறும்வரை யாரும் விட்டுவைத்ததில்லை" என்கிறார் ஆங்கிலத்தில்.

சுமதி பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்கிறாள். தன்னை மறந்து தமிழில், "ஓம் ஓம், வடிவாச் சாப்பிடுங்கோ" என்கிறாள்.

அவர் புரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு அடுத்த கரண்டி அள்ளுகிறார்.