மழைக்கு வரும் வீட்டுக்காரர்

எங்கள் தீவின் டெலானிபூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒல்லியானவர். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருப்பார். மழை பிடித்தாலே வந்து, சமையலறைக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மழைக்காலம் முடிந்ததும் இடித்துக் கட்ட, கொத்தனாரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அவர் வந்து வந்து போவது என் மனைவிக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

ஒருநாள் நான் பொறுக்காமல், “வாடகைக்கு விட்டபிறகு இப்படி அடிக்கடி வரலாமா, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“விட்டதாலதான் வர்றேன், தம்பி. பூட்டிக் கெடந்தா விழுந்தா விழட்டும்னு இருந்துருவேன்.”

அடுத்த வாரம் ஒரு காலையில் ஓடிவந்தார். “சுவரு வயிறு தள்ளிருச்சு! அடுப்ப அணைச்சிட்டு ஜல்தி வெளிய வாங்கம்மா!” என்று கத்தினார். மனைவி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மதியத்துக்குள் சமையலறை மண்ணுக்கடியில் போய்விட்டது. அவர்தான் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். வேறு வீடு கிடைக்கும்வரை தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்.

இப்போதைய வீட்டுக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருக்கிறார். ஒருமுறைகூட வந்ததில்லை. தொந்தரவில்லாத ஆள் என்கிறார்கள். வானம் கறுத்தால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.