கொஞ்சம் டயர்டு

இந்த நாட்டில் காலை ஒன்பது மணிக்கே எல்லோரும் களைத்துப் போயிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே நான் வேலை பார்க்கும் கிடங்கு அலுவலகத்தில், கோட்டைக் கழற்றி மாட்டும்போதே கேரன் தன்னை 'ஷேட்டர்டு' என்று அறிவித்துவிடுவாள். உடைந்து சில்லு சில்லாகச் சிதறிவிட்டாளாம். சிதறியவள் அடுத்த நிமிடமே கெட்டிலைப் போட்டு, இரண்டு பிஸ்கட் தின்று, ஞாயிற்றுக்கிழமை நாயைக் கடற்கரைக்கு அழைத்துப்போன கதையை முழுதாகச் சொல்லி முடிப்பாள். பக்கத்து மேசை டேவ் எப்போதும் 'நேக்கர்டு'. உழைத்துத் தேய்ந்த குதிரைகளை வாங்கி அறுக்கிறவனுக்கு இங்கே நேக்கர் என்று பெயர். அவனிடம் தள்ளிவிடத்தான் லாயக்கு என்று பொருள். அந்தக் குதிரை மாலை ஐந்து மணிக்குப் பப்பை நோக்கி ஓடும் வேகத்தைப் பார்க்கவேண்டும்.

கிடங்கில் சரக்கை இனம் பிரித்து அடுக்குவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் இவர்களுடைய களைப்பையும் இனம் பிரித்துவைத்தேன். 'டயர்டு' எல்லோருக்கும் பொது. சில்லறை போலப் புழங்கிப் புழங்கி முகம் தேய்ந்துவிட்டது. சத்தெல்லாம் வடிந்துபோன 'டிரெயின்ட்' கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்த மேலாளர்களுக்கு. 'எக்ஸாஸ்டட்' விடுமுறைக்கு ஸ்பெயின் போய்த் திரும்பியவர்களுக்கு. 'வியரி' ஆலயத்தில் ஜெபம் சொல்லும்போது மட்டும். 'ஃபெடீக்' மருத்துவர்களுக்கும், விரிசல் விட்ட பாலத்து இரும்புக்கும். இத்தனை சொற்களில் ஒன்றுகூட என் மனைவிக்குப் பொருந்தவில்லை என்பதுதான் சிக்கல்.

மேரி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, மறுபடி படுக்கவைக்கிற வேலை. போன குளிர்காலத்தில் அவள் முகம் வெளுக்கத் தொடங்கியது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். வற்புறுத்தி மருத்துவரிடம் அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"எப்புடி இருக்கீங்கன்னு கேட்டாங்க. ஃபைன், கொஞ்சம் டயர்டுன்னேன். 'யாருதான் டயர்டா இல்ல'ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன்."

அந்தச் சிரிப்பின் மீது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேரியின் பதில் எந்த மண்ணில் முளைத்தது என்று எனக்குத் தெரியும். பெரம்பலூரை அடுத்த பாடாலூர் பக்கம் என் அம்மா பிறர் காட்டில் சின்ன வெங்காயத்துக்குக் களையெடுத்தவர். வரப்பில் குடையோடு நின்ற காட்டுக்காரர், "என்ன, அலுப்பா இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பதுதான் பதில். ஆமாம் என்றால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டார். அதே காட்டுக்காரரின் மகன் சென்னையிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடி வந்து இறங்கிய அசதிக்கு இரண்டு நாள் படுத்துக் கிடப்பான். வீடே சத்தமில்லாமல் அடிமேல் அடிவைத்து நடக்கும். வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கி வளர்ந்த மேரிக்கும் இதே பாடம்தான். களைப்பைச் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் நலம் விசாரிப்பதும் சாப்பிடக் கூப்பிடுவதும் ஒன்றுதான். முதல் தடவை "வேண்டாங்க" என்பது மரியாதை. இரண்டாவது தடவை "இப்பதான் சாப்பிட்டு வரேன்" என்பது கௌரவம். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கையைக் கழுவுவோம். உடம்பைப் பற்றிய உண்மையும் அப்படி மூன்றாவது கேள்விக்குத்தான் வெளியே வரும். இந்த ஊர் மருத்துவர் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இவர்கள் வீட்டு விருந்தில் நாங்கள் பசியோடு திரும்புவதும் இதனால்தான்.

அடுத்த முறை நானே கூடப் போனேன். பெரம்பலூரில் நோயாளி மட்டும் உள்ளே போகிற வழக்கமே கிடையாது. கல்யாணமான புதிதில் மேரிக்குக் காய்ச்சல் வந்தபோது என் அம்மா, அவள் அம்மா, நான் என்று மூன்று பேர் துணைக்கு நுழைந்தோம். "ராவெல்லாம் அனத்துதுங்க" என்றார் என் அம்மா. "சோறே எறங்கலைங்க" என்றார் மாமியார். அந்த டாக்டர் மேரியிடம் பேசியது ஒரே வாக்கியம்: "நாக்க நீட்டும்மா." அவள் வாய் அன்றைக்கு அதற்கு மட்டும்தான் திறந்தது. காய்ச்சலும் சரியாகிப் போனது.

எனவே இங்கேயும் நானே பேசினேன். ஒரு வாரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல் தயாராக இருந்தது. "என் மனைவிக்கு ப்ரொஃபவுண்ட் ஃபெடீக்" என்றேன், ஆழ்ந்த அயர்ச்சி என்ற பொருளில். மருத்துவர், முப்பது வயதைத் தாண்டாத பெண், நிமிர்ந்து பார்த்தார். மேரியை அல்ல, என்னை.

"நான் மேரியிடமிருந்து கேட்க விரும்புகிறேன்."

"தாராளமாக. அவளுக்குத் தூக்கமும் சரியில்லை" என்றேன்.

"மேரி, சாப்பாடு எப்படி?"

"அரைவயிறுதான் சாப்பிடுகிறாள்" என்றேன்.

மருத்துவர் பேனாவை மூடினார். மிக மென்மையாக, இந்த நாட்டில் ஒருவரை வெளியேற்றும்போது மட்டும் வருகிற அந்த மென்மையோடு, "சற்று வெளியே காத்திருக்க முடியுமா?" என்றார்.

வெளியே இருந்த ஒரே நாற்காலிக்கு மேலே ஒரு சுவரொட்டி. 'உங்கள் வீட்டில் உங்களுக்கு யாரைக் கண்டாவது பயமா?' என்று அதில் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே நான் மடித்த குடையோடு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தேன். போனவர் வந்தவர் எல்லோரும் முதலில் சுவரொட்டியைப் பார்த்தார்கள்; பிறகு என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே நடந்ததை மேரி பஸ்ஸில் சொன்னாள்.

"வீட்டுல நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க. ஃபைன்னேன். அவருக்கு முன்னாடி பேசப் பயமான்னாங்க. இல்ல, ஃபைன்னேன். அப்பறம் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு, கையப் புடிச்சு, மேரி, நெசமா எப்புடி இருக்கீங்கன்னாங்க."

மூன்றாவது தடவை.

"நீங்க என்னை அடிக்கிறீங்கன்னு நெனச்சிட்டாங்க போல."

"நீ என்ன சொன்ன?"

"காலையில ஒரு ஷூவ மாட்டிட்டு, இன்னொண்ண மாட்டத் தெம்பு இல்லாம ஒக்காந்து அழுவுறேன்னேன். இங்கிலீஷ்ல தப்பும் தவறுமாத்தான் வந்துச்சு."

ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அது தெரியாது. என் பட்டியலில் இருந்த எந்தச் சொல்லையும் அவள் தொடவில்லை. அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க மேலும் சில பரிசோதனைகள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருக்கும் என்றார்கள்.

செய்தி கேட்டு வரதராஜன்பேட்டையிலிருந்து மேரியின் தம்பி போனில் பொரிந்தான். "மச்சான், அக்காவ டாக்டர்கிட்ட தனியா வுட்டுட்டு வெளியிலயா ஒக்காந்திருந்தீங்க? நல்ல ஆளு மச்சான் நீங்க! இங்க ஆட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனாக்கூட ரெண்டு பேரு கூட நிப்போம்."

ஆக, அங்கே நான் மனைவியைக் கைவிட்டவன். இங்கே மனைவியைப் பேசவிடாதவன். இரண்டு தேசமும் தனித்தனியாக விசாரித்துத் தீர்ப்பு எழுதிவிட்டன.

பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் மறுபடி போனோம். நர்ஸ் வந்து "மேரி" என்று அழைத்தார். அவள் எழுந்தாள். நானும் எழுந்துவிட்டேன். கதவுவரை போய்த்தான் போன தடவை என்னை வெளியே அனுப்பியது நினைவு வந்தது. அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. தோளால் அதைத் தாங்கியபடி, ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் தாழ்வாரத்திலுமாக நின்றேன். கதவு என்னை மெதுவாக நெருக்கிக்கொண்டிருந்தது.

"உள்ளேயா, வெளியேயா, லவ்?" என்றார் நர்ஸ், இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரையும் கூப்பிடுகிற அந்தச் சொல்லால்.

கதவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். உள்ளே உட்கார்ந்துவிட்ட மேரி, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, எனக்காகப் பதில் சொன்னாள்.

"ஹீ இஸ் ஃபைன். கொஞ்சம் டயர்டு."