அத்தைக்கு இரண்டு சொட்டு

எங்கள் வீட்டில் கண்ணீரைக் குப்பியில் வாங்கி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். பன்னிரண்டு வயதில் எனக்கு லூபஸ் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி புத்தி பிசகி உடம்பையே அடிக்கிற நோய் அது. மூட்டு வலித்தது, வெயில் ஆகவில்லை, போதாதென்று கண்ணும் காய்ந்துபோனது. காலையில் இமையைத் திறந்தால் உப்பளத்து மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். கண் டாக்டர் இமையோரத்தில் ஒரு காகிதப் பட்டையைச் செருகிப் பார்த்தார். அது சரியாக நனையவே இல்லை. கண்ணீர் போதவில்லை என்றார்.

"எங்க வீட்டுப் பொம்பளையள்ட்ட அதுக்குப் பஞ்சமே கிடையாதே, டாக்டர்" என்றார் அப்பா. டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் நான் அழுதால் சத்தம் வரும், தண்ணீர் வராது.

எனக்குச் சொட்டு மருந்து விடுவது அப்பாவின் தங்கையான அத்தையின் வேலை. என் தலையை மடியில் சாய்த்து, "அண்ணாந்து பாருளா, ஆகாசத்துல பரோட்டா பறக்கு" என்பாள். நான் வாயைத் திறப்பேன், அவள் கண்ணில் சொட்டுவாள். அந்த அத்தைக்குத்தான் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆழ்வார்திருநகரி. வீட்டோடு மல்லுக்கட்டி அவளே பிடித்த மாப்பிள்ளை. எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இனி எனக்கு யார் சொட்டு விடுவார்கள்?

பெண் அழாமல் கார் ஏறினால் எங்கள் பக்கம் ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். பெரிய அத்தை தன் கல்யாணத்தில் அழுது மயங்கியே விழுந்தவள். பந்தி முடிந்ததும் மண்டப வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தங்கைக்காகக் காத்திருந்தாள். மணப்பெண் என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏளா, அழுகையே வரமாட்டேங்கு. சிரிப்புத்தான் பொத்துக்கிட்டு வருது. அக்கா ஏசியே கொன்னுருவா. ஒம் மருந்துல ரெண்டு சொட்டு விடுளா."

முதல் முறையாக அவள் தலை என் மடியில், பூவும் சடையுமாக. நான்தான் அன்றைக்கு டாக்டர்.

"கண்ண உருட்டாத அத்தை. குப்பி கண்ணுல முட்டிரும்."

"ஏளா, பரோட்டா எங்க பறக்கு?"

சிரித்த சிரிப்பில் முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, அடுத்தது காதுக்குள் போனது. ஒருவழியாக இரண்டு கண்ணிலும் விட்டு முடித்தேன். மையும் மருந்தும் கன்னத்தில் வழிய அவள் வெளியே வந்ததும் பெண்கள் உருகிப்போனார்கள். "பாசக்காரி!" என்று பெரிய அத்தை மூக்கைச் சிந்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லார் காலிலும் விழுந்து எழுந்து, போட்டோ எடுத்து, அவள் கார் ஏற ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடியை இறக்கி என் தாடையைப் பிடித்தாள்.

"ராத்திரி மறக்காம மருந்து விட்டுக்கிடணும், என்னளா?"

தலையாட்டினேன். அவள் முகத்தில் பொலபொலவென்று வழிந்துகொண்டிருந்தது. கார் தெருமுனை திரும்பும்வரை துடைத்துக்கொண்டே போனாள்.

"எம் மருந்து எவ்வளவு நேரம் வேலை செய்யி பாத்தியளாப்பா!" என்று குதித்தேன். அப்பா என் தலையைத் தடவினார்.

அந்தச் சொட்டு கண்ணில் கால்மணி நேரம்கூட நிற்காது. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், எனக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.