டேஷ்போர்டுக்குள் வைத்த ரிமோட்

நடந்தவை, வரிசையாக:

1. டாக்ஸி ஓட்டும் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கனமான எதையும் தூக்கவோ இழுக்கவோ கூடாது என்றார் டாக்டர்.
2. ஒன்றரை மாதத்தில் அப்பா வண்டியை எடுத்துவிட்டார்.
3. எங்கள் கார் ஷெட்டின் தகரக் கதவு பக்கவாட்டில் ஓடும். துருப்பிடித்தது. அதை இழுக்க முழு உடம்பும் வேண்டும்.
4. சொந்த நாடு திரும்பிய வெளிநாட்டு டீச்சர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் கதவு திறக்கும் மோட்டாரும் கையடக்க ரிமோட்டும் இருந்தன. வாங்கிவந்து மாட்டினேன்.
5. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தது. அந்த மாதிரிச் சதுர பேட்டரி கொடைக்கானலில் எங்கும் இல்லை.
6. ரிமோட்டைப் பிரித்து, காரின் டேஷ்போர்டுக்குள்ளேயே பொருத்தினேன்.
7. வேலை செய்தது, எனக்கு மட்டும்.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து ஒரு பள்ளி லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மாவுக்கு அதே பள்ளியின் சமையலறையில் வேலை. காலையில் வண்டி வெளியே போக நானே கதவைத் திறந்து மூடிவிடுவேன்; பகலில் அவர் திரும்பும்போது திறந்துவிட வீட்டில் ஆள் கிடையாது. வண்டியை வெளியே நிறுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் நாங்கள் இருக்கும் நாயுடுபுரத்தின் மழையைப் பார்த்திருக்கமாட்டார்கள். எங்கள் பழைய அம்பாஸடர் ஈரத்தில் நின்றுவிட்டால் லேசில் கிளம்பாது. சவாரி போய்விடும்.

ரிமோட்டுக்கான கரண்டைக் கார் பேட்டரியிலிருந்து எடுத்தேன். பன்னிரண்டு வோல்ட்டை ஒன்பதாகக் குறைக்க ஒரு சின்ன சர்க்யூட், சாம்பல் தட்டு இருந்த இடத்தில் ஒரு பட்டன், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. எல்லாவற்றையும் சாவி வழியாக இணைத்தேன். சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும். நிற்கிற காரில் ஏறி யாரும் கதவைத் திறக்க முடியாது, பேட்டரியும் வீணாகாது. முறைப்படி செய்த வேலை என்று எனக்குத் திருப்தி.

முதல் நாளே அப்பா வந்து சொன்னார்: “அமுக்குனேன் தாயி. தொறக்கல.”

சாவியைப் போட்டேன், பட்டனை அமுக்கினேன். கதவு கடகடவென்று ஓடித் திறந்தது.

“இந்தா தொறக்குதுல்லப்பா?”

“நீ அமுக்குனாத் தொறக்குது.”

மூன்று வாரம் இப்படியே போனது. ஏரியல் கம்பியை நீட்டினேன், பிறகு குறைத்தேன். மோட்டார் பக்கத்தில் சிக்னலை வாங்கும் பெட்டியை உயரே மாட்டினேன். எல்லா இணைப்பையும் மறுபடி பற்றவைத்தேன். மூடுபனியைக்கூடச் சந்தேகப்பட்டேன். எப்படி அமுக்க வேண்டும் என்று நான்கு வரி எழுதி டேஷ்போர்டில் ஒட்டினேன். அப்பா அதன்படியே அமுக்கினார். கதவு அசையவில்லை. ஒவ்வொரு நாளும் இறங்கிக் கையால் இழுத்தார்.

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குக் கூட்டாளியான மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று சிரித்தார். “ஏலே, டிப்ளமா படிச்சவ சொன்னாத்தான் கதவு கேக்கும்போல. நீ எட்டாப்பு பெயிலு. ஒனக்கு எங்க தொறக்கும்?”

அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அமுக்கத் தெரியாம அமுக்குறீங்கப்பா” என்றேன். அவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது இடது கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு மறுபடி ஏரியலைப் பற்றித்தான் யோசித்தேன்.

நான்காவது வாரம், சனிக்கிழமை மதியம், பெருமாள்மலையில் ஒரு வேலையை முடித்துவிட்டு அப்பாவின் வண்டியில் வீடு திரும்பினேன். அவர் ஓட்டும்போது கூட இருந்து பார்க்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சந்து சரிவாக இறங்கும். முனையில் திரும்பியதும் அப்பா நியூட்ரலில் போட்டுச் சாவியை அணைத்தார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. பெட்ரோல் மிச்சமாகும் என்று ஸ்டாண்டில் எல்லாரும் இறக்கத்தில் செய்வது இதுதான். அப்பா வந்துவிட்டதைச் சரளைக்கல்லில் டயர் நெரிபடும் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் தெரிந்துகொள்வோம். எஞ்சின் சத்தம் கேட்டதே இல்லை. அதனால் அன்றும் எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. சிவப்பு விளக்கு அணைந்திருந்ததைத்தான் பார்த்தேன்.

“அப்பா, சாவிய ஏன் அமத்துனீங்க?”

“எறக்கத்துல எதுக்குத்தா எஞ்சினு? வண்டி தானா வருதுல்ல.”

“தெனமுமா?”

“நீ பொறக்கறதுக்கு முந்தியே இப்படித்தான்.”

ஷெட் முன்னால் வண்டி நின்றது. எனக்காக ஒரு தடவை பட்டனை அமுக்கிக் காட்டினார். “பாத்தியா? தொறக்கல.” சாவியிலிருந்து பட்டன் வரை ஒயர் போகும் வழியை நான் மனதுக்குள் தொடர்ந்துகொண்டிருந்தேன். ஓடிவரும் வண்டியில் சாவி போட்டுத்தானே இருக்கும் என்று, ஒட்டிவைத்த நான்கு வரியில் சாவியைப் பற்றி நான் எழுதவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இறங்கிக் கதவைப் பிடித்துவிட்டார்.

“இழுக்காதீங்கப்பா!”

பாதி திறந்த கதவில் சாய்ந்து, அடிவயிற்றைப் பிடித்தபடி நின்றார். “ஒண்ணுமில்ல” என்றார். முகம் வெளிறியிருந்தது.

அம்மாவும் மாமாவும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சாவியில் இருந்த ஒயரைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாவி இல்லாமல் பட்டனை அமுக்கினேன். கதவு திறந்தது. மூடினேன். மறுபடி அமுக்கினேன். திறந்தது. எனக்கு அதை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

தையல் போட்ட இடம் உள்ளே விட்டுப்போயிருந்தது. இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. அந்த சீசன் முழுக்க அப்பா வண்டியைத் தொடவில்லை.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ரிமோட் வேலை செய்கிறது. அப்பா ஏரியைச் சுற்றியுள்ள சவாரிகளை மட்டும் எடுக்கிறார். மலையிறங்கிப் பழனிக்குப் போவதில்லை.