கெங்கா போட்டுவிட்டுப் போன கட்டளைகள்

டாமா கசுங்கு கோங்கோனி உப்பளத்துத் தொழிலாளியின் மகள். மொம்பாசாவில் கணினி படித்துவிட்டு வந்து, ஊருக்கு வடக்கே கடலோரம் இருந்த செயற்கைக்கோள் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்று அவள் அப்பா கேட்டது ஒன்றுதான். "நாள் பூரா ஏசி ரூமுலயா? அப்ப ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கோ."

வறட்சியையும் வெள்ளத்தையும் படம் எடுக்கும் சின்னச் செயற்கைக்கோள் அது. தலைக்கு மேலே வந்தால் ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் போய்விடும். அந்த நேரத்துக்குள் அதனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும். சொல்வதை மனிதர்கள் நேரடியாகச் சொல்வதில்லை. ஒரு நிரல் கட்டளையை எழுதும், இன்னொன்று அதை வானுக்கு அனுப்பும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. எழுதும் நிரல் செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டுப் போய்விடும். அனுப்பும் நிரல் தூங்கிக்கொண்டிருந்தால், அது எழும்வரை செய்தி வரிசையிலேயே காத்துக்கிடக்கும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி டாமா. இன்னொருவன் கெங்கா. சத்தமாகப் பேசுவான், டாமா கொண்டுவரும் மஹம்ரிப் பணியாரத்தில் பாதியைக் கேட்காமலே எடுத்துத் தின்பான். ஒரு மத்தியானம் முதன்மைக் கணினி திடீரென்று நின்றுபோனது. "மலிந்தி போயி பார்ட் வாங்கிட்டு வந்துடறேன், சாயங்காலத்துக்குள்ள ஓட்டிடலாம்" என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். மம்ப்ருயி தாண்டியதும் உப்பு ஏற்றிய லாரி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு மாற்றுக் கணினியிலேயே காலம் ஓடியது. நின்றுபோன கணினியை ஒரு துணி போட்டு மூடி மூலையில் வைத்தார்கள். கெங்கா எதற்காகப் போனானோ அந்த இயந்திரம் என்பதால் யாரும் அதன் பக்கம் போகவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது மாற்றுக் கணினியும் இடக்குப் பண்ணத் தொடங்கியது. நிலையத் தலைவர் ம்வாடிமே, "பழசையே சரிபண்ணி ஓட்டு டாமா. எத்தனை நாளைக்குத் துணியப் போட்டு மூடி வெப்போம்?" என்றார். அவள் பழுதான பாகத்தை மாற்றினாள். காலை வெயில் ஏறும் நேரத்தில் கணினியை இயக்கினாள். செயற்கைக்கோள் தெற்கே கடலுக்கு மேல் எழுந்துகொண்டிருந்தது.

அவள் இன்னும் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. திரையில் வரிகள் ஓடின. கட்டளை அனுப்பப்பட்டது. கட்டளை அனுப்பப்பட்டது.

ஏரியலைக் கவனிக்கும் மஸூத் திரும்பிப் பார்த்தான். "நீ ஏதாச்சும் போட்டியா?"

"இல்ல."

"அப்ப யாரு போடறது?" எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அனுப்பியவர் பெயர் இருந்தது. கெங்கா. மஸூத் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினான்.

அந்த வரிசையைக் கட்டிய இருவரில் ஒருத்தி டாமா. இருந்தும் அவள் முதலில் வாசலைத்தான் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகுதான் திரைக்குத் திரும்பினாள்.

செயற்கைக்கோளுக்கு ஆள் செத்தது தெரியாது. சொன்னதைச் செய்தேன், சொன்னதைச் செய்தேன் என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சூரியன் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும் சக்கரத்தைச் சோதிக்க, மலிந்திக்குக் கிளம்பிய அன்று காலையில் கெங்கா போட்டுவைத்த கட்டளைகள் அவை. சக்கரம் நின்றது. கோள் மெல்லச் சூரியனை விட்டு விலகியது. மின்கல அளவு இறங்கத் தொடங்கியது.

அவள் அனுப்பும் நிரலை நிறுத்தினாள். அடுத்த கணமே அது எழுந்துகொண்டது. செத்த நிரலை உடனே எழுப்பிவிட வேண்டும் என்று ஒரு காவல் நிரலும் அங்கே இருந்தது. அதை எழுதியவனும் கெங்காதான். மறுபடி நிறுத்தினாள், மறுபடி எழுந்தது, இன்னும் ஒரு கட்டளை போனது. டாமா பக்கத்து அறைக்கு ஓடி, அனுப்பும் கருவியின் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டாள். திரும்பி வந்து, வரிசையில் மிச்சம் இருந்த செய்திகளைப் படிக்காமலே அத்தனையையும் அழித்தாள்.

சத்தம் கேட்டு ம்வாடிமே வந்தார். "யாரைக் கேட்டு கரண்ட்ட நிறுத்துன?"

"கேக்க நேரம் இல்ல சார். கெங்கா அன்னிக்குப் போட்டதெல்லாம் உள்ளயே கெடந்திருக்கு. இப்பப் போயிருச்சு."

"இத்தனை மாசமாவா?" அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சுற்றில் கோளின் குரல் மெலிந்து கேட்டது. டாமா அனுப்பும் கருவிக்கு மறுபடி மின்சாரம் கொடுத்து, தட்டுத்தடுமாறிய மாற்றுக் கணினியிலிருந்து, சூரியனைப் பார்த்துத் திரும்பு என்ற ஒரே ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பினாள். முதலில் பதில் இல்லை. கோள் அடிவானத்தில் இறங்கப்போகும் சமயத்தில் மின்கல அளவு ஒரு கோடு ஏறியது. மஸூத் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

ஆனால் அவனால் வாயை மூட முடியவில்லை. தேநீர்க் கடையில் சொல்லிவிட்டான். செத்துப்போன கெங்கா வந்து கோளை ஓட்டினான் என்று பேச்சு மம்ப்ருயி சந்தைவரை போனது. இரண்டு நாள் கழித்து கெங்காவின் மனைவி, பையன் கரிசாவின் அம்மா, காட்ஸோ நிலையத்து வாசலில் வந்து நின்றாள்.

"உக்காருங்க கரிசாம்மா" என்றாள் டாமா.

"உக்கார வரல தங்கச்சி. கனவுல கூட வராத மனுசன் உங்க மெஷினுக்குள்ள வந்து நின்னானாமே. என்ன சொன்னான்?"

"அவரு வரல. அன்னிக்குக் காலையில எழுதி வெச்சதுதான் இப்பப் போச்சு. தபால் லேட்டா வர்ற மாதிரி."

"அதான் கேக்கறேன். என்ன எழுதி வெச்சான்?"

"சக்கரத்த நிறுத்து, கொஞ்சம் திரும்புன்னு. வேலைக்கானதுதான்."

"எம் பேரு இல்லியா?"

"இல்ல கரிசாம்மா."

காட்ஸோ தலையாட்டினாள். பிறகு, "மிச்சம் ஏதும் இருக்கா?" என்றாள்.

டாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையில் மிச்சம் கிடந்ததுதான் அவன் கடைசியாக விசையைத் தட்டி எழுதியது. அதில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. கட்டளைகள்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் பார்க்கவில்லை.

"அழிச்சிட்டேன்" என்றாள். "படிக்காமயே அழிச்சிட்டேன்."

காட்ஸோ ஓரடி முன்னால் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றே டாமா நினைத்தாள்.

"அவன் சட்டையெல்லாம் மூணாம் வாரமே எடுத்துக் குடுத்துட்டேன் நானு" என்றாள் காட்ஸோ. "பையில என்ன இருந்துச்சுன்னு நானும்தான் பாக்கல." சொல்லிவிட்டு, தோளில் நழுவிய லெசோத் துணியை இழுத்துப் போர்த்துக்கொண்டு வெயிலில் நடந்துபோனாள்.

டாமா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். இப்போது ஒவ்வொரு செய்திக்கும் ஓர் ஆயுள் வைத்திருக்கிறாள். நேரம் தாண்டினால் அது வானுக்குப் போகாது, தனியே ஒதுங்கி நிற்கும். ஒதுங்கியதை ஒன்று விடாமல் படித்த பிறகே அழிக்கிறாள். "ஒண்ணுமில்லாததப் படிக்க ஒனக்கு சம்பளமா?" என்று ம்வாடிமே கேட்டுப் பார்த்தார். அவள் அடுத்ததைத் திறந்து படித்தாள். அவர் அதற்கப்புறம் கேட்பதில்லை.